பழைய சி-10 பிக்கப்பில் 5.3 லிட்டர் இன்ஜின்: கேட்டவர்களுக்குப் பதில்

செவர்லே சி-10, அதிலும் 1967 முதல் 1972 வரை வந்த மாடல் பற்றித்தான் பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

ஹூஸ்டன்: அண்ணா, என் 1970 வண்டியில் பழைய ஆறு சிலிண்டர் இருக்கிறது. எல்லாரும் 5.3 போடு என்கிறார்கள். அதில் அப்படி என்ன?

சுலபமாகக் கிடைக்கிறது, அதுதான் முதல் காரணம். 1999 முதல் 2007 வரை சில்வராடோ, டாஹோ, சபர்பன் என்று தன் பெரிய வண்டிகளில் செவர்லேயின் தாய் நிறுவனம் ஜி.எம். லட்சக்கணக்கில் போட்ட வி8 (எட்டு சிலிண்டர்), இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், வருடத்தைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். ஆனால் இன்ஜினை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கியர்பாக்ஸ், ஒயரிங், இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் என்றால் அந்தப் பெடலும் அதன் மாட்யூலும், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். மலிவாக இன்ஜின் வாங்கிவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகத் தேடுபவர்களின் வண்டிதான் வருடக்கணக்கில் கராஜில் நிற்கிறது.

டல்லாஸ்: இறக்கினால் அப்படியே உட்காருமா?

இன்ஜினைச் சட்டத்தில் உட்காரவைக்கும் மவுண்டுக்கு அடாப்டர் பிளேட் கடையிலேயே கிடைக்கிறது, அது பிரச்சினையே இல்லை. இடிப்பது ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. டிரக் சம்ப் ஆழம் அதிகம், குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும், ஒரு மேட்டில் ஏறினால் முதலில் அடிவாங்குவது அதுதான். இப்படி இன்ஜின் மாற்றுவதற்கென்றே வரும், ஆழம் குறைந்த ஸ்வாப் சம்ப் போடுங்கள். போடும்போது ஆயில் உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்கைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். சில்லறைக் காசு சாமான், ஆனால் அது கிழிந்தோ மடங்கியோ இருந்தால் பம்பு ஆயிலோடு காற்றையும் இழுக்கும், பிரஷர் விழும், பேரிங் போகும். இன்ஜின் வெளியே இருக்கும்போது பத்து நிமிட வேலை.

அட்லாண்டா: பழைய பெட்ரோல் பம்பே போதுமா?

போதாது. கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும், இதற்கு 58 வேண்டும். டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்பு வைத்து, செவர்லே கார்வெட் காருக்கு வந்த, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரோடு சேர்ந்த ஃபில்டரைப் போடுவதுதான் எல்லாரும் செய்வது. பழைய ரப்பர் ஹோஸை மட்டும் விட்டுவைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

சிகாகோ: எல்லாம் மாட்டியாச்சு, ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது அண்ணா.

பெரும்பாலும் திருட்டுத் தடுப்புதான். இசியூ பழைய வண்டியின் சாவி சிக்னலைத் தேடுகிறது, கிடைக்காததால் பெட்ரோலை நிறுத்துகிறது. இசியூ புரோகிராமை மாற்றும் டியூனரிடம் கொடுத்து அதை அணைக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்டின்: மைலேஜ் கூடுமா?

ஹைவேயில் தெரியும், ஆனால் அதில் பாதிப் பெருமை கியர்பாக்ஸுக்கு. 3.73 விகித ஆக்சிலும் 28 அங்குல டயரும் என்றால், பழைய மூன்று கியர் பெட்டியில் 70 மைல் வேகத்துக்குச் சுமார் 3,100 ஆர்பிஎம். 5.3-உடன் வரும் 4எல்60இ ஆட்டோமேட்டிக் பெட்டியின் நான்காவது கியரில் அதே வேகத்துக்கு 2,200 போதும். ஸ்பீடோமீட்டர் கேபிள் இதற்குப் பொருந்தாது, அதற்கும் ஒரு தொகை எடுத்து வையுங்கள்.

சான் ஹோசே: ஸ்மாக் டெஸ்ட் (புகைப் பரிசோதனை) பாஸாகுமா?

1975 வரை வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு கலிபோர்னியாவில் ஸ்மாக் விலக்கு, நிம்மதியாகச் செய்யலாம். 1976-க்குப் பிந்தையது என்றால் கதை வேறு. இன்ஜின் வண்டியின் வருடத்தையோ அதற்குப் பிந்தைய வருடத்தையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும், அதன் கேடலிட்டிக் கன்வெர்ட்டர், சென்சார் எல்லாம் கூடவே வர வேண்டும், ரெஃப்ரி எனப்படும் ஸ்மாக் பரிசோதகர் பார்த்து லேபிள் ஒட்டினால்தான் செல்லும்.

கோவை: அண்ணே, நம்ம ஊர் பழைய பிக்கப்பில் வேறு கம்பெனி இன்ஜின் ஏற்றலாமா?

மெக்கானிக் ஏற்றிவிடுவார், ஆர்டிஓ ஏற்கமாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது. அதே மேக், அதே வகை இன்ஜின் என்றால் முன் அனுமதி வாங்கிப் போட்டு, புது நம்பரை ஆர்சியில் ஏற்றுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான்.