ஃபிளைட் ரத்து, பணம் எங்கே? மார்த்தாண்டத்துப் பழைய டிக்கெட்காரரிடம் கேள்வி பதில்

மார்த்தாண்டத்துல 22 வருஷம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். கடையை மூடி மூணு வருஷம் ஆச்சு, போன் வர்றது மட்டும் நிக்கலை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குன்னு ஒரு ஏர்போர்ட் கிடையாது. திருவனந்தபுரமோ தூத்துக்குடியோ மதுரையோ போய்த்தான் ஏறணும். ஃபிளைட் ரத்தானா டிக்கெட் காசோட கார் வாடகையும் சேர்ந்து போகும். இன்னைக்கு அந்த விஷயம் மட்டும் கேளுங்க. விசா, இக்காமாங்கிற சவூதி இருப்பிட அட்டை எல்லாம் வேண்டாம்.

கருங்கல்: அண்ணே, தம்பிக்கு திருவனந்தபுரம்–துபாய் டிக்கெட், நம்ம நாட்டு ஏர்லைன். கிளம்ப 20 மணி நேரம் இருக்கும்போது ‘செயல்பாட்டுக் காரணங்களால் ரத்து’ன்னு மெசேஜ். மூணு நாள் கழிச்சு வேற ஃபிளைட், இல்லாட்டி கிரெடிட் ஷெல், அதாவது காசை அடுத்த டிக்கெட்டுக்குன்னு அவங்களே வச்சுக்கிடுறதுங்கிறாங்க. காசா வாங்க முடியாதா?

முடியும். ஆனா ஆப்புக்குள்ள போய் நீங்களா ‘கேன்சல்’ பட்டனை அமுக்கிடாதீங்க. இதை இன்னைக்குப் பத்து தடவை சொல்லுவேன், கோபப்படாதீங்க. அவங்க ரத்து பண்ணினா முழுக்காசு. நீங்க அமுக்கினா அது பயணி ரத்து பண்ணினதாப் பதிவாகி, கேன்சலேஷன் சார்ஜ் பிடிச்சது போக மிச்சம்தான் வரும். மெசேஜ்ல வந்த லிங்க் வழியாவே போங்க, அங்க ‘முழு ரீஃபண்ட்’னு தெளிவா எழுதியிருந்தா மட்டும் தொடுங்க.

கிரெடிட் ஷெல்: வேணுமா வேண்டாமான்னு சொல்ற உரிமை பயணிக்குத்தான், ஏர்லைன் தானா போட்டு வைக்கக் கூடாதுன்னு ஏர்லைன்களைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பு டிஜிசிஏவோட விதியே சொல்லுது. ‘சிஸ்டம்ல அப்படித்தான் வருது’ன்னா, ‘எனக்கு ஷெல் வேண்டாம், கட்டின வழியிலயே பணம் வேணும்’னு ஒரு மெயில் போடுங்க. ரெண்டு வரி போதும், கெஞ்ச வேண்டாம்.

இனி நஷ்ட ஈடு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா மாற்று ஃபிளைட் அல்லது ரீஃபண்ட், அவ்வளவுதான். ரெண்டு வாரத்துக்குள்ள, ஆனா 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொன்னா, பழைய நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள கிளம்புற மாற்று ஃபிளைட் தரணும், இல்லாட்டி ரீஃபண்ட். அதுக்கும் பிந்திச் சொன்னா மாற்று ஃபிளைட், இல்லாட்டி முழு ரீஃபண்டோட மேல நஷ்ட ஈடு. பறக்கிற நேரம் ஒரு மணி வரைக்கும் 5,000, ரெண்டு மணி வரைக்கும் 7,500, அதுக்கு மேல 10,000 ரூபாய். இல்லாட்டி ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் கூட்டின தொகை. ரெண்டுல எது குறைவோ அது. உங்க தம்பி டிக்கெட் 17,800, அதுல அடிப்படையும் எரிபொருளும் 14,000ன்னு வையுங்க: 17,800 திரும்ப வரணும், மேல 10,000. மூணு நாள் கழிச்சுப் போற ஃபிளைட்டை ஒத்துக்கிட்டா இந்தப் பத்தாயிரத்தைக் கேக்க முடியாது. வேலைக்குச் சேர நாள் இருக்கான்னு பாத்து முடிவு பண்ணுங்க.

நாகர்கோவில், வடசேரி: அண்ணாச்சி, தூத்துக்குடி–சென்னை, மழையால ரத்து. எனக்கும் 7,500 உண்டா?

கிடையாது. மழை, மூடுபனி, ஏர் டிராஃபிக் கட்டுப்பாடு, ஸ்டிரைக் இதெல்லாம் ஏர்லைன் கையில இல்லாத காரணம். நஷ்ட ஈடு போச்சு, டிக்கெட் காசு மட்டும் போகாது. 2023 டிசம்பர்ல தாமிரபரணி ஊரையே முக்கினபோது இதைக் கேட்டு எனக்கு வந்த போனுக்குக் கணக்கே இல்ல. ஒரு விஷயம் பாத்துக்கிடுங்க: நிஜமாவே மழையா? அதே நேரத்துக்கு வேற ஃபிளைட் வந்து இறங்கியிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்க. கவுண்டர்ல ரத்துச் சான்றிதழ் கேட்டு, அதுல காரணம் எழுதி வாங்குங்க.

தேங்காய்ப்பட்டணம்: ராத்திரி ரெண்டு மணிக்கு வேன் பிடிச்சு ஏர்போர்ட் போனோம். அங்க போன பிறகுதான் ரத்துன்னு தெரிஞ்சுது. மூணு நாள் முன்னாடியே எஸ்எம்எஸ் அனுப்பியாச்சுன்னு ஏர்லைன் சொல்லுது. எங்களுக்கு ஒண்ணும் வரலை.

டிக்கெட்டைப் பாருங்க. பிஎன்ஆர்ல, அதாவது டிக்கெட் பதிவுல, யார் போன் நம்பர் இருக்கு? ஏஜென்ட் நம்பர்தானே?

இதுல நான் யாரையும் குத்தம் சொல்ல முடியாது, நானே செஞ்சிருக்கேன். கடற்கரை ஊர்க்காரர் ஒருத்தர், மஸ்கட்டுக்கு மீன்பிடி வேலைக்குப் போறவர். அவர் போன் பாதி நேரம் சுவிட்ச் ஆஃப்னு டிக்கெட்ல என் நம்பரைப் போட்டேன். ரத்தாயிட்டுன்னு மெசேஜ் வந்த ராத்திரி நான் ஊர்த் திருவிழாவுல நிக்கேன், போன் சட்டைப் பையில. வெடிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? காலையில கடையைத் திறக்கும்போது மனுஷன் திண்ணையில உக்காந்திருந்தார். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு மடியில வச்சிருந்தார். திட்டலை. ‘உங்களுக்குத் தெரியாதா அண்ணே’ன்னு மட்டும் கேட்டார். கார் வாடகையை நான்தான் கொடுத்தேன். அன்னையிலிருந்து பயணி நம்பர் தராம டிக்கெட் போட்டதில்லை.

சட்டமும் இதுல உங்களுக்கு எதிராத்தான் நிக்கும். தொடர்பு கொள்ளப் போதுமான விவரம் தராத பயணிக்கு நஷ்ட ஈடு கிடையாதுன்னு விதியில இருக்கு. ரீஃபண்ட் வரும், வேன் வாடகை வராது. ஏஜென்ட்கிட்ட நம்பர் கொடுத்தும் அவர் மாத்திப் போட்டிருந்தா வாடகையை அவர்கிட்ட கேளுங்க.

திங்கள்நகர்: ஏர்லைன் ரத்து பண்ணிட்டு ஷெல்தான்னு சொல்லுது...

கருங்கல்காரருக்குச் சொன்னதைப் படியுங்க.

புதுக்கடை: ஏஜென்ட்கிட்ட கையில காசு கொடுத்து எடுத்த டிக்கெட். ரத்தாகி 40 நாள் ஆச்சு. ஏர்லைன்ல இருந்து வரலைங்கிறார். ஏர்லைன்ல கேட்டா ஏஜென்ட்டுக்கு அனுப்பியாச்சுங்கிறாங்க. யார் பொய் சொல்றது?

ரெண்டு பேரும் சொல்றது உண்மையா இருக்கலாம், அதுதான் கொடுமை. 2016ல திருத்தின விதிப்படி, கிரெடிட் கார்டுல கட்டினா 7 நாள். ஏர்லைன் ஆபீஸ்ல ரொக்கமாக் கட்டினா உடனே. ஏஜென்ட் வழியா எடுத்தா, ஏஜென்ட் ஏர்லைனோட பிரதிநிதிங்கிறதால பொறுப்பு ஏர்லைனுக்குத்தான், 30 வேலை நாள்க்குள்ள முடிக்கணும்னு இருந்துது. வேலை நாள்னு கவனியுங்க, 30ன்னா காலண்டர்ல ஆறு வாரம் ஓடிரும். இதை 21 ஆக்க 2025 நவம்பர்ல வரைவு விட்டாங்க, 2026ல 14 வேலை நாளாவே குறைச்சுட்டாங்க. மெயில் எழுதுற அன்னைக்கு டிஜிசிஏ தளத்துல இருக்கிற கணக்கைப் பாத்து எழுதுங்க.

தக்கலை (டிராவல்ஸ் வச்சிருக்கிறவர்): அண்ணே, நீங்களே இப்படி எழுதினா எப்படி? நாங்க என்ன பணத்தைப் பூட்டியா வச்சிருக்கோம்? ஏர்லைன்கிட்ட நேரடியா டிக்கெட் எடுக்கிற ஐயாட்டா அங்கீகாரம் எனக்குக் கிடையாது. கொச்சியில இருக்கிற பெரிய ஏஜென்ட் போர்ட்டல்ல முன்பணம் கட்டி டிக்கெட் எடுக்கேன். ஏர்லைன் அவனுக்குக் கொடுத்து, அவன் என் வாலட்ல போடணும்.

தம்பி, நான் 22 வருஷம் இருந்த கடை இது. வாலட்ல விழுந்த பிறகு என்ன ஆகும், அதையும் சொல்லுங்க.

தக்கலை: விழுந்தா கொடுத்திருவோம்.

எப்போ? வாலட்ல விழுற பணம் பாங்க்ல விழுற பணம் இல்ல. அதை வச்சு அடுத்த ஆளுக்கு டிக்கெட்தான் போட முடியும். அந்த அடுத்த ஆள் காசு தந்தாத்தான் முந்தின ஆளுக்குக் கொடுக்கக் கையில ரொக்கம் இருக்கும். ஓணமும் கிறிஸ்துமஸும் வந்தா சுழற்சி வேகம், ஆடி மாசம் பணம் அப்படியே கிடக்கும். திருட்டுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பயணி காசுல கடை ஓடுது. நானும் ஓட்டியிருக்கேன்.

குளச்சல்: அதான் பாத்தீங்களா! என் ஏஜென்ட் ‘அடுத்த டிக்கெட்ல கழிச்சுக்கிடலாம்’னார். அடுத்த டிக்கெட் எடுக்கப் போனா சந்தை விலையை விட 2,000 கூட.

தக்கலை: எல்லாரும் அப்படி இல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் பண்ணி ‘ஸீட் மாத்தித் தா’ன்னா எந்த ஆப் மாத்தித் தரும்? அந்த உழைப்புக்கு 300 ரூபாய் சர்வீஸ் சார்ஜ். ஃபிளைட் ரத்தானா அதையும் திருப்பிக் கேக்காங்க.

சர்வீஸ் சார்ஜ்ல நான் உங்க பக்கம்தான், ஒரு கண்டிஷனோட. டிக்கெட் எடுக்கும்போதே பில்லுல தனியா எழுதியிருக்கணும். 18,100ன்னு மொத்தமா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு, ரீஃபண்ட் அன்னைக்கு ‘அதுல 1,500 என்னோடது’ன்னா யார் ஒத்துக்கிடுவா? நீங்க பில் கொடுக்கீங்களா?

தக்கலை: கேட்டா கொடுப்போம்.

கேக்காமக் கொடுங்க. சரி, புதுக்கடைக்காரரே, நீங்க செய்ய வேண்டியது. ஏர்லைனுக்கு மெயில்: ‘இந்த பிஎன்ஆருக்கான ரீஃபண்ட் எந்தத் தேதியில, யாருக்கு, எவ்வளவு அனுப்பினீங்க?’ பதில் வந்ததும் அந்தத் தேதியோட ஏஜென்ட் முன்னால போய் உக்காருங்க. தேதி கையில இருந்தா பேச்சே மாறும். பதிலே வரலைன்னா ஏர்சேவா தளத்துல புகார் போடுங்க. சிவில் ஏவியேஷன் அமைச்சகத்தோடது, ஆப்பும் இருக்கு. அங்க போட்ட பிறகு ஏர்லைன்ல புகாரைப் பாக்கிற நோடல் ஆபீசர் மெயில்ல தமிழ் சினிமா வில்லன் திருந்தின மாதிரி பேசுவார்.

குலசேகரம்: எனக்குக் காய்ச்சல், நானே ரத்து பண்ணினேன். நான்-ரீஃபண்டபிள் டிக்கெட், ஒண்ணும் வராதுங்கிறாங்க.

வரியும் ஏர்போர்ட் கட்டணமும் வரும். ஏர்போர்ட்டைப் பயன்படுத்துறதுக்கான யூடிஎஃப் உட்பட. ஆஃபர் டிக்கெட்டானாலும், ஏறாம விட்டாலும் திருப்பித் தரணும். திருவனந்தபுரத்துல அது சின்னத் தொகை இல்ல, கேட்டு வாங்குங்க.

அருமனை: பெட்டிச் சக்கரம் உடைஞ்சு வந்துது.

வேண்டாம்னு முதல்லயே சொன்னேன். வெளிநாட்டுப் பயணம்னா ஏழு நாளைக்குள்ள எழுத்துல புகார் கொடுத்திருங்க. அடுத்த ஆள்.

இரணியல்: கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் டிக்கெட் காசு இனி வருமா?

2023 மே 3ல பறக்கிறதை நிறுத்தினாங்க, 2025 ஜனவரியில கலைக்கச் சொல்லி தீர்ப்பாயம் உத்தரவு போட்டுட்டு. காசு வர வேண்டியவங்க வரிசையில பயணி கடைசிப் பக்கம். அதை நம்பி வேலையை விட்டு அலையாதீங்க.

குளச்சல் (வேற ஒருத்தர்): பஹ்ரைன்ல இருந்து வர்ற வெளிநாட்டு ஏர்லைன். இங்கத்த விதி செல்லுமா?

ரீஃபண்ட் எவ்வளவுங்கிறது அவங்க நாட்டு விதிப்படி. தாமதத்தால வந்த நஷ்டத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம்னு சர்வதேச விமானப் பயண ஒப்பந்தம் இருக்கு, இந்தியா 2009ல சேந்தாச்சு. கேஸ் போட ரெண்டு வருஷம்தான் கெடு.

மார்த்தாண்டம்: ஆராட்டு அன்னைக்கு ஃபிளைட் நேரத்தை மாத்திட்டாங்க. அது ரத்தா?

இல்ல. பத்மநாபசாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுதளம் வழியாத்தான் சங்குமுகம் கடலுக்குப் போகும், வருஷத்துக்கு ரெண்டு தடவை, பங்குனிக்கும் ஐப்பசிக்கும். சுமார் அஞ்சு மணி நேரம் விமானம் கிடையாது. ஏர்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே உள்ள வழக்கம். முன்கூட்டியே அறிவிப்பாங்க. சாமிக்கு வழி விட்டுட்டு, புது நேரம் ஒத்துவரலைன்னா ஏர்லைன்கிட்ட எழுத்துல கேளுங்க.

கொல்லங்கோடு: மெசேஜ் வரலை, ஏர்போர்ட் போய்த்தான்...

பிஎன்ஆர்ல யார் நம்பர்?

கொல்லங்கோடு: ஏஜென்ட்...

தேங்காய்ப்பட்டணம் பதில். ஐயா, மேல ஒரு தடவை படிச்சுட்டுக் கேளுங்க, விரல் வலிக்கு.

நாகர்கோவில், கோட்டாறு: கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் எடுத்துப் பேசினேன். ரீஃபண்டுக்கு ஒரு ஆப் இறக்கச் சொல்றான்.

போனை வையுங்க. இறக்கியிருந்தா பாங்குக்குச் சொல்லுங்க, சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு உடனே கூப்பிடுங்க. நம்பரை ஏர்லைன் தளத்துல இருந்தோ டிக்கெட்ல இருந்தோ மட்டும் எடுங்க.

நாகர்கோவில், பார்வதிபுரம்: ஏர்சேவாவும் பாத்தாச்சு, நுகர்வோர் உதவி நம்பர் 1915ம் கூப்பிட்டாச்சு. ஏர்லைன் ஆபீஸ் டெல்லிப் பக்கம். வழக்குக்கு அங்கயா போகணும்?

வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற இடத்துலயே நுகர்வோர் ஆணையத்துல போடலாம். நம்ம மாவட்ட ஆணையம் நாகர்கோவில்லயே இருக்கு, உங்களுக்கு டவுன் பஸ் தூரம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம், ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம். டிக்கெட், ரத்து மெசேஜ், ரத்துச் சான்றிதழ், நீங்க போட்ட மெயில், கார் வாடகை ரசீது. ரசீது இல்லாத வாடகையை நீதிபதி எப்படி நம்புவார்? ஏறும்போதே டிரைவர்கிட்ட ஒரு பில் வாங்கிருங்க.

புதுக்கடை: அண்ணே, இதைப் படிச்சாரோ என்னமோ, இப்பதான் ஏஜென்ட் கூப்பிட்டார். ஜிபே நம்பர் கேட்டார்.

கொடுங்க. சர்வீஸ் சார்ஜ்னு எவ்வளவு பிடிச்சார்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க, தக்கலைக்காரர்கிட்ட காட்டணும்.