மாலத்தீவில் மூன்று வாரம்: ஓர் ஆசிரியத் தம்பதியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நானும் என் கணவரும் ஆசிரியர்கள். அவர் கணிதம், நான் உயிரியல். கும்பகோணம் பக்கம் தனியார் பள்ளியில் இருந்தோம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் மாலத்தீவின் வடக்கே ஒரு சிறு தீவில் ஒரே பள்ளியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் நகைக்கடன் தவணை இருக்கிறது. பணம் எப்படி அனுப்புவது என்று பிடிபடவில்லை. அவர் சைவம், பிரெட்டும் வாழைப்பழமுமாக இளைத்துப்போகிறார். வகுப்பில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பள்ளியிலும் வீட்டிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பதால் தொட்டதற்கெல்லாம் சண்டை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

தவணைத் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் சம்பளம் இந்நாட்டு நாணயமான ருஃபியாவில் வரும். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்ற அரசு மாற்று விகிதம் 2011-இலிருந்து அப்படியே நிற்கிறது. விகிதம் அசையவில்லையே தவிர, அந்த விலைக்கு டாலர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அரிசி முதல் டீசல் வரை எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. டாலர் வருவது பெரும்பாலும் சுற்றுலாவிலும் கொஞ்சம் மீனிலும். எனவே வெளிநாட்டு ஊழியர் மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்று வங்கிகள் வரம்பு வைக்கின்றன, அதை அடிக்கடி மாற்றவும் செய்கின்றன. போன மாத வரம்பை நம்பி இந்த மாதத் தவணைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஊரில் கையிருப்போ சீட்டுப் பணமோ இருந்தால் மூன்று மாதத் தவணைக்கு ஆகும் தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். வழி இல்லையென்றால் கடன் கொடுத்த வங்கியில் இப்போதே பேசி, வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள்.

வேலை அனுமதி அட்டை கைக்கு வந்ததும் இருவர் பெயரிலும் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள். இரண்டு சம்பளத்தையும் கணவர் கணக்கில் போட்டுவைக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே நஷ்டம். வரம்பு ஆளுக்கு இவ்வளவு என்று வரும்போது இரண்டு கணக்கு இருந்தால் இரண்டு பங்கு அனுப்பலாம். தலைநகர் மாலேயில் பாரத ஸ்டேட் வங்கி பல்லாண்டுகளாக இருக்கிறது. உங்கள் தீவிலிருந்து மாலே போகும் முதல் வாய்ப்பிலேயே அங்கே ஒரு நடை போய் நேரில் கேட்டுவிடுங்கள்.

ஊர்ப் பக்கத்து வேலையும் ஒன்று உண்டு. வேலைக்காக நாட்டை விட்டு வந்தவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர். அங்குள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை, இந்தியாவிலேயே வரும் பணத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. என்.ஆர்.ஓ. வட்டியில் முப்பது சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். இங்கே 2020 ஏப்ரல் முதல் சம்பளத்துக்கு வருமான வரி உண்டு, ஆனால் அது மாதம் 60,000 ருஃபியாவுக்கு மேல் வாங்குகிறவருக்கு. நம் கவலை அல்ல. ஊர்ச் சிம்மை மட்டும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. வராமல் போனால் சொந்தப் பணத்தையே எட்டிப் பார்க்கத்தான் முடியும்.

ருஃபியாவைக் கையில் வாங்கிக்கொண்டு, அங்கே உங்கள் கணக்கில் ரூபாய் போடுகிறேன் என்று ஒருவர் வருவார். நல்லவராகவும் இருப்பார், நாலு பேர் அவரைப் பரிந்துரைக்கவும் செய்வார்கள். வேண்டாம். நானும் என் கணவரும் இங்கே ஆசிரியர்களாக வந்த முதல் வருடம் அப்படி ஒருமுறை மாற்றினோம். பணம் சொன்ன நேரத்தில் வந்து சேர்ந்தது. மூன்றாவது வாரம் என் கணவரின் ஊர்க் கணக்கு முடங்கியது. எங்களுக்கு வந்த தொகை வேறு யாரிடமோ மோசடியாகப் பறித்ததாம். போலீஸ், வங்கி என்று மாமனார் நான்கு மாதம் அலைந்தார்.

பாஸ்போர்ட்டை விசா வேலைக்குக் கொடுத்தால், வேலை முடிந்ததும் கேட்டு வாங்கிவிடுங்கள். “பத்திரமாக நாங்களே வைத்திருக்கிறோம்” என்று யார் சொன்னாலும் சிரித்த முகத்தோடு வாங்கிவிடுங்கள்.

இனி சாப்பாடு. உங்கள் கணவர் பிரெட்டுக்குப் போனது ஏன் என்று எனக்குத் தெரியும். பள்ளி இடைவேளையில் தட்டில் முக்கோணமாக ஒன்று வைத்திருப்பார்கள். சமோசா போலவே இருக்கும், பெயர் பஜியா. பெயரைக் கேட்டு நம்பி வாயில் வைத்தால் உள்ளே மீன். உருண்டையாக இருக்கும் குல்ஹாவுக்குள்ளும் மீன். காலை உணவு மஸ் ஹுனி, தேங்காய்த் துருவலில் சூரை மீனைப் பிசைந்தது. மஸ் என்றால் மீன். நம் ஊரில் மாசிக் கருவாடு என்கிறோமே, அது இந்தத் தீவுகளின் சரக்குத்தான். “இதில் இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்று உண்மையாகவே சொல்வார்கள், ஏனென்றால் மீனை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. “மஸ்?” என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்கச் சொல்லுங்கள். ஆன் என்றால் ஆம், நூன் என்றால் இல்லை.

வீட்டுச் சமையலுக்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சரக்குப் படகு வரும் நாள். கடையில் போய்க் கத்தரிக்காய் இருக்கிறதா என்று கேட்பதைவிடப் படகு எப்போது வரும் என்று கேளுங்கள். படகு வந்த அன்று சாயங்காலம் போனால் தக்காளியும் கீரையும் இருக்கும். மூன்றாம் நாள் போனால் உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டைக்கோஸும்தான். கடற்கொந்தளிப்பில் படகு தள்ளிப்போனால் அதுவும் இராது. அதற்காகத் துவரம் பருப்பு, உளுந்து, புளி, பெருங்காயம் மட்டும் இரண்டு மாதத்துக்குக் கையில் இருக்கட்டும். தேங்காய்க்குப் பஞ்சமில்லை. கறிவேப்பிலையை இங்கே ஹிகந்தி என்பார்கள், பல வீட்டு முற்றத்தில் நிற்கும். முருங்கை மரமும் அப்படித்தான்; பெயர்கூட முரங்கா. காய் யாருக்கும் அவ்வளவு பொருட்டல்ல, கீரைதான் பறிப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் கை கொள்ளாமல் ஒடித்துத் தருவார்கள். முருங்கைக்கீரைப் பொரியலும் தேங்காய்த் துவையலும் ரசமும் இருந்தால் உங்கள் கணவர் தேறிவிடுவார்.

கும்பகோணத்திலிருந்து தோசைக்கல் கொண்டுவந்திருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள், துருவேறியிருக்கும். கடற்காற்று இரும்பைத் தின்னும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, அடுப்பில் சூடேற்றி, தேங்காயெண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். மிக்ஸியின் திருகாணி வரை இந்தக் கதைதான். கிணற்று நீர் பல தீவுகளில் உவர்ப்பு. குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் மழைநீரோ குழாயில் வரும் சுத்திகரித்த நீரோ எடுங்கள். உவர்நீரில் தலைக்குக் குளித்தால் முடி கொட்டுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், கடைசியாக ஒரு சொம்பு மழைநீர் ஊற்றிக்கொண்டால் முடி சிக்கடிக்காது. மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் வருகிறது, விலை அதிகம். வீட்டு வாடகையில் கரண்ட் பில் சேர்ந்திருக்கிறதா, தனி மீட்டரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்டுத் தூங்கிய முதல் மாதத்தில் எங்கள் பில்லைப் பார்த்து இரண்டாம் மாதம் ஜன்னலைத் திறந்தோம்.

வகுப்பு. பிள்ளைகள் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். பாதிக் காரணம் நம் ஆங்கிலத்தின் வேகம். நாட்டு மொழியான திவேஹியையும் இஸ்லாம் பாடத்தையும் தவிர மற்றவை ஆங்கிலத்தில் நடந்தாலும், பிள்ளைகள் வீட்டிலும் மைதானத்திலும் திவேஹிதான் பேசுகிறார்கள். பாதி வேகத்தில் பேசுங்கள், நிறையப் பலகையில் எழுதுங்கள். மறுபாதிக் காரணம் பெயர். வருகைப் பதிவேட்டில் ஆயிஷத் நான்கு பேர், முகமது ஐந்து பேர் இருப்பார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு, பிள்ளை திரும்பிப் பார்ப்பது அதற்குத்தான். முதல் வேலையாக அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

அடிக்கவோ காதைத் திருகவோ கை போகக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நம் ஊரிலும் தடைதானே என்பீர்கள். இங்கே மாணவனின் தாய்மாமன் மாலையில் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார், ஏனென்றால் அவர் வீடு எதிர் வரிசையில்தான் இருக்கிறது.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை தருகிறேன். திவேஹியை எழுதும் தானா எழுத்தைக் கற்கச் சொல்லுங்கள். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்கள் 1 முதல் 9 வரையிலானவற்றிலிருந்து வந்தவை. கணித ஆசிரியர் இதை வகுப்பில் சொல்லிவிட்டு, பலகையில் தன் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதட்டும். திருத்துவதற்காகவாவது பிள்ளைகள் வாய் திறப்பார்கள். எங்கள் வகுப்பில் என் பெயரில் உள்ள ‘ழ’வுக்கு எந்த எழுத்து என்று பதினைந்து நிமிடம் வாதம் நடந்தது. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை, மறுநாளிலிருந்து நடந்தது.

இப்போது சண்டை. எனக்குத் தோன்றுவது இது: நீங்கள் வெளிநாட்டுக்கு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வந்திருப்பது ஒரு கிராமத்துக்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடும் ஊர். யார் வீட்டில் மீன், யார் வீட்டில் ஜுரம் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் போடும் சண்டையும் தெரியும், மொழி புரியாவிட்டாலும் தொனி புரியும். கிராமத்துக்கு வாழவந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் ஊர் என்ன நினைக்குமோ அதைத்தான் இங்கேயும் நினைக்கும். கதவைச் சாத்தியதால் உங்களுக்குப் பேச ஒருவரை விட்டால் மற்றவர்தான் கதி. அந்தப் பாரத்தை எந்த மனிதனாலும் தாங்க முடியாது, உங்கள் கணவரும் மனிதர்தான்.

மாலை ஐந்து மணிக்குத் தெருவிலும் துறைமுகத்திலும் ஜோலிகளைப் பாருங்கள். இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னி வரிசையாகத் தொங்கவிட்ட இருக்கைகள். பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சலாம் சொல்லிவிட்டு, காலியாக இருக்கும் ஜோலியில் போய் உட்காருங்கள். முதல் நாள் எதுவும் பேச வேண்டாம். நான் முதல் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டாம் வாரம் ஒரு பாட்டி என் ஜடையை எடுத்துப் பார்த்து, எண்ணெய் என்ன என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பேச ஆளுக்குப் பஞ்சமே வரவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கணவர் பந்து மைதானத்துக்குப் போகட்டும். ஆடத் தெரியாவிட்டால் ஓரமாக நிற்கட்டும். இளவயதுப் பெண்கள் பஷி ஆடுவார்கள், வலைக்கு முதுகு காட்டி நின்று டென்னிஸ் பந்தைப் பின்னால் அடிக்கும் ஆட்டம், கூப்பிட்டால் போய்விடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் இருந்துவிட்டு வந்தால் இரவுச் சாப்பாட்டின்போது ஒருவருக்கொருவர் சொல்ல ஏதாவது இருக்கும்.

பள்ளியில் ஒருவர் வகுப்பைப் பற்றி மற்றவர் கருத்துச் சொல்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போட்டோம், ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் மீறினோம். இரண்டும் நான்.

சிறு ஒழுங்குகள் சில. வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை பள்ளி மணி அடிக்கும்போது ஊரில் அம்மா போனில் “இன்னும் எழுந்திருக்கவில்லையா” என்பார். இந்தியாவைவிட அரை மணி பின்னால் இருக்கிறோம், அதனால் அழைப்பு நேரத்தில் பெரிய குழப்பமில்லை. தொழுகை நேரத்தில் கடை மூடுவார்கள், நின்று வாங்குங்கள். ரமலான் பகலில் வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். சுடிதாரும் துப்பட்டாவும் போதும். கடலில் இறங்கினாலும் முழு உடையோடுதான். வழிபாட்டுக்குரிய சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாமி கும்பிடுவது வீட்டுக்குள், மனத்துக்குள். இதை வாதிட்டு வெல்லப் போகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ஊருக்குப் போகும் தேதியைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மே முதல் நவம்பர் வரை ஹுல்ஹங்கு, தென்மேற்குக் காற்று. கடல் கொந்தளிக்கும், படகு ரத்தாகும். அந்த மாதங்களில் மாலேயில் விமானம் ஏறுவதற்கு ஒரு நாளாவது முன்னதாகப் போய்த் தங்குங்கள். ஜனவரிக்குப் பிறகு இருவை, வடகிழக்குக் காற்று, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். உங்கள் மாமியாரையோ அம்மாவையோ அழைப்பதானால் அப்போது அழையுங்கள். வரும்போது இட்லிப் பொடி, அப்பளம், குக்கருக்கு ரப்பர் வளையம் இரண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருகிறேன் என்பார்கள். அது வேண்டாம், பக்கத்து வீட்டில் இருக்கிறது.