மேடை நடனத்துக்கு முதல் கேமரா: 30,000 ரூபாயில் எதில் பணம் போடுவது?

வணக்கம். மகளின் பரதநாட்டியத்தைப் படமெடுக்க 30,000 ரூபாய்க்குள் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) தேடுகிறீர்கள், இரண்டு ஜூம் லென்ஸ் சேர்ந்த செட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த செட் வேண்டாம். அதில் வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் திறப்பு, எஃப்/5.6 ஆகிவிடும் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது). மேடை வெளிச்சத்துக்கு அது போதாது. வேகமான அடவுகளில் கைகள் கலங்கித்தான் விழும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் விடும். 1/50 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை 1/500 நொடியில் எடுக்கலாம். பணத்தை முதலில் இதில் போடுங்கள். பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை.

கேனான் என்றால் ‘ஈஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம்’ என்ற லென்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நிக்கானில் கவனம் தேவை: டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று, தனக்குள் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸிலேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள்.

அப்புறம், வாங்கும் முன் அபெர்ச்சரை எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் பகுதி) தூசியோ கறையோ இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும்.