முருங்கையில் கம்பளிப்பூச்சி: மரத்தை வெட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருவில் பொது இடத்தில் நிற்கும் முருங்கை மரங்களில், மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சிகள் அப்பிக் கிடக்கின்றன. இலைகளில் பாதி போய்விட்டது. மரங்களை வெட்டிவிடலாம் என்று சிலரும், வீரியமான மருந்து அடிக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?
வாசகி, மதுரை மாவட்டம்.

பதில்: இரண்டுமே வேண்டாம். இலை முழுவதையும் இழந்தாலும் முருங்கை மீண்டும் துளிர்க்கும். இந்தப் புழுக்கள் இரவில் இலையைத் தின்றுவிட்டு, பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் உடையவை என்பதால், கிளை கிளையாகத் தேடி மருந்து அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பகல் வேளையில் தண்டைக் கவனித்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்து, அந்தக் கூட்டத்தின் மீது நன்றாக நனையும்படி தெளியுங்கள். அது கிடைக்காவிட்டால், முதலில் தண்ணீர் பீய்ச்சி நனைத்து, ரோமம் காற்றில் பறக்காமல் செய்துகொண்டு, நீண்ட துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடலாம். தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம், பலனும் உண்டு. ஆனாலும் மின்கம்பியும் குழந்தைகளும் உள்ள தெருவில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முருங்கையின் மென்மையான பட்டையும் வெந்துபோகும்.

பூச்சிமருந்தைப் பொறுத்தவரை, அக்கம்பக்கத்தார் கீரை பறிக்கும் மரம் இது என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய கையேடுகளில் இதற்கெனக் கார்பரில் தூளைக் குறிப்பிட்டிருப்பார்கள். அதை மத்திய அரசு 2018-இல் தடைசெய்துவிட்டது. ஏதாவது ஒரு கடையில் மிச்சம் இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான வேலை மண்ணில்தான் இருக்கிறது. புழுக்கள் மரத்தடி மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி, மழை பெய்ததும் அந்துப்பூச்சிகளாக வெளிவந்து இலையிலும் இளந்தண்டிலும் கொத்தாக முட்டையிடுகின்றன. கோடையில் மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளின் வாயிலும் அழியும். மழைக்குப் பின் முட்டைக் கொத்து உள்ள இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுவது அதைவிடச் சுலபம். கம்பளிப்பூச்சியை விரும்பித் தின்னும் குயில் இனப் பறவைகள் வந்தால் விரட்ட வேண்டாம்.

கேள்வி: கம்பளிப்பூச்சி ரோமம் உடம்பில் பட்டால்?

பதில்: தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் ரோமம் வந்துவிடும்; பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். புழுக்கள் இருக்கும்வரை மரத்தடியில் துணி காயப்போட வேண்டாம்.