அமில மண்ணில் அலுமினியம் வேரைக் கெடுக்கும் என்கிறார்களே, பிறகு பயிர் எப்படி விளைகிறது?

எனக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். இப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலம் பகுதியில் மண் பரிசோதனை வேலை. இந்தக் கேள்விக்கான விடையை நான் கண்ணால் பார்த்தது இங்குள்ள ஒரு தாத்தாவின் பீன்ஸ் தோட்டத்தில்தான். அவருடைய முன்னோர் மதராசிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர்கள்.

மழை பெய்து மூன்று நாள்கூட ஆகவில்லை, செடிகள் வாடிக் கிடந்தன. "தம்பி, தண்ணீரும் விட்டேன், உரமும் போட்டேன், இன்னும் என்னதான் கேட்கிறது இது?" என்றார். ஒரு செடியைத் தோண்டி வாளித் தண்ணீரில் அலசினோம். ஆணிவேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. முழங்கைபோல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. நுனிகள் தடித்து, மழுங்கி, பழுப்பேறியிருந்தன. சல்லிவேர் மிகக் குறைவு. நகத்தால் அழுத்தியதும் நுனி பட்டென்று முறிந்தது. தண்ணீர் கீழே இருந்தது. எட்டிக் குடிக்கத்தான் வேர் இல்லை.

அலுமினியம் எல்லா மண்ணிலும் உண்டு. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்கு மேல் இருந்தால் அது களிமண்ணோடு களிமண்ணாகச் சும்மா கிடக்கும். 5-க்குக் கீழே போனால் கரைந்து வெளியே வரும். மழை அதிகமான ஊரில், ஆண்டுக்கணக்காக அம்மோனிய உரமும் யூரியாவும் போட்ட நிலத்தில், இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. கரைந்த அலுமினியம் வேரின் கடைசிச் சில மில்லிமீட்டரைத்தான் குறிவைக்கும். அங்கே செல்சுவரில் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு சுவரை விறைக்கச் செய்துவிடும். செல் நீள முடியாவிட்டால் வேர் எப்படி நீளும்?

தாங்கும் பயிர்கள் செய்வது என்ன? பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே வேலைதான். புளியிலுள்ள அமிலம் உலோகக் கறையைப் பற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. கோதுமையின் வேர்நுனி மாலிக் அமிலத்தைக் கசியவிடுகிறது. சோளம் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை. அமிலம் அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிட்டால் அது வேருக்குள் நுழையாது. கோதுமையில் இந்தக் கசிவுக்கான மரபணுவை 2004-இல் அடையாளம் கண்டார்கள். இது இலவச ஏற்பாடு இல்லை: இலை உழைத்துச் சேர்த்த சர்க்கரையை வேர் மண்ணில் கொட்டுகிறது.

நெல்லின் வழி வேறு, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. சுவரில் ஒட்டவிடாமல் அலுமினியத்தைச் செல்லுக்குள்ளேயே இழுத்து, அங்குள்ள சேமிப்புப் பையில் அடைத்துப் பூட்டிவிடுகிறது. தேயிலை இன்னும் துணிச்சல்காரப் பயிர். அலுமினியத்தை முதிர்ந்த இலைகளில் குவித்துவைத்துக்கொண்டு செழிப்பாக வளர்கிறது. வெருலத்துக்கு வடக்கே கியர்ஸ்னியில் ஒரு காலத்தில் நம்மவர்கள் தேயிலை பறித்ததும் இப்படிப்பட்ட அமில மண்ணில்தான். காட்மியம் என்ற நச்சு உலோகம் வந்தாலும் செடி இதே பூட்டுமுறையைக் கையாள்கிறது. கந்தகம் நிறைந்த சிறு புரதத் துண்டுகளால் அதைக் கட்டிப் பையில் தள்ளுகிறது. ஆனால் அது முழுவதும் வேரோடு நிற்பதில்லை. கொஞ்சம் தானியத்துக்கும் ஏறிவிடும் என்பதால் அதில் நமக்கும் ஆபத்து.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தாத்தா, "அப்படியானால் பாத்திக்குப் புளித்தண்ணீர் ஊற்றட்டுமா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். வேரோ வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், விடாமல் சுரக்கிறது. புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், மட்கிய எரு போடுங்கள், அது அலுமினியத்தைப் பிடித்துவைக்கும் என்றேன். மண்ணின் அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பை அவர் முன்பே போட்டிருந்தார், ஆனால் மேலாகத் தூவி விட்டுவிட்டார். அது தானாகக் கீழே இறங்க ஆண்டுகள் ஆகும். அந்தச் செடியின் வேர் மடங்கிய ஆழம்தான் சுண்ணாம்பு எட்டிய ஆழம். இந்த முறை ஆழமாக உழுது கலக்கச் சொன்னேன். உழ முடியாத சரிவுக்குக் கால்சியம் உள்ள ஜிப்சம், அது நீரோடு கீழே இறங்கும்.