அம்மா நகையை அடகு வைத்து ‘விதை’ போடப் பார்க்கிறார், தடுத்தால் சாபமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டம். நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் டிவிசனில் புதிதாகத் தொடங்கிய ஜெபக்கூட்டத்தில் காணிக்கைப் பணத்தை விதை என்று சொல்லி, ‘விதை போடு, நூறு மடங்கு வரும்’ என்கிறார்கள். அம்மா ஒரு லட்சம் ரூபா தருவதாகப் பொருத்தனை (நேர்த்தி) அட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, சங்கிலியை அடகு வைக்க நிற்கிறார். பைபிளில் இப்படி இருக்கிறதா? தடுத்தால் சாபம் வருமா?

பதில்:

சாபம் வராது. முதலில் நீங்கள் அதை நம்புங்கள். நீங்களே பயந்துகொண்டு பேசப் போனால் அம்மாவிடம் எடுபடாது.

இப்படி எழுதினால் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று நாலு பேர் வருவார்கள், தெரியும். காணிக்கைக்கு நான் எதிரியில்லை. சம்பளமே இல்லாமல் மழையில் மூன்று டிவிசன் ஏறி இறங்குகிற பாஸ்டர்மார் இருக்கிறார்கள். சுவிசேஷம் சொல்கிறவர் அதனால் பிழைக்கலாம் என்று 1 கொரிந்தியர் 9:14இல் பவுலும் எழுதியிருக்கிறார். என் பேச்சு, கடவுளோடு வட்டிக் கணக்குப் பேசுகிற செழிப்பு உபதேசத்தைப் பற்றியது.

கூட்டம் நடக்கிற ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் நீண்ட பாட்டு, அழுகை. பிறகு ஒருவரோ இருவரோ சாட்சி சொல்வார்கள்: மகனுக்குக் கட்டார் வீசா வந்தது, கடன் தீர்ந்தது. கொடுத்தும் ஒன்றும் வராதவர் மைக்குக்கு வரமாட்டார், அவருக்கு அங்கே இடமில்லை. அதன் பிறகு கவர், அட்டை, பேனா. தொகையை எழுதி எல்லாரும் பார்க்கப் பெட்டியில் போட வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரி (பக்கத்து வீட்டுக்காரி) 5,000 எழுதினால் நம் கை 1,000 எழுதுமா? கேட்டது வராவிட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கும்: விசுவாசம் போதாது, வாயால் அவநம்பிக்கை பேசினாய், விதை சின்னது. மூன்றுமே இரண்டாவது கவரில்தான் போய் முடியும். சுகமாகிவிட்டது என்று சீனி, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடமும் உண்டு. அம்மாவின் கிளினிக் கொப்பியை ஒருக்கா வாங்கிப் பாருங்கள்.

இந்த ‘விதை விசுவாசம்’ அமெரிக்காவின் ஓக்லஹோமாக்காரரான ஓரல் ராபர்ட்ஸ் பரப்பியது. 3 யோவான் 2ஆம் வசனத்தை 1947இல் படித்துத்தான் தன் எண்ணம் மாறியது என்று அவர் சொல்லிவந்தார். நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டும் என்கிற அந்த வசனம், காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்க வாழ்த்து. நம் ஊர்க் கடிதத்தில் ‘நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல்’ என்று எழுதுவோமே, அந்த மாதிரி. அதை வைத்து யாராவது வங்கியில் கடன் கேட்பார்களா? நூறு மடங்கு என்பது மாற்கு 10:30. வீடும் நிலமும் சொல்லிவிட்டு, துன்பங்களோடுகூட என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. ‘பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்’ என்பது 2 கொரிந்தியர் 9:6. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது எழுதியது அது. அதற்கு முந்திய அதிகாரத்தில் 12ஆம் வசனத்தைப் பாருங்கள்: இல்லாததின்படி அல்ல, ஒருவனிடம் இருக்கிறதின்படிதான் காணிக்கை ஏற்கப்படும். அடகுக் காசு இந்த வசனத்திலேயே அடிபட்டுப் போகிறது. 20, 21இல், பணத்தைப் பற்றி யாரும் குறை சொல்லக்கூடாது என்று கூட ஆட்களை வைத்துக்கொண்டே கொண்டுபோனதாகவும் சொல்கிறார்.

இனி தசமபாகம். தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10இல்தான் எல்லாரும் தொடங்குவார்கள். ஐந்து வசனம் மேலே 3:5இல், கூலிக்காரனின் கூலியைப் பறிக்கிறவன், விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குகிறவன், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவன் எல்லாருக்கும் விரோதமாக வருவேன் என்று கடவுள் சொல்கிறார். கொழுந்து எடுக்கிற சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த வசனத்தைத் தாண்டிப் போக எப்படித்தான் மனம் வருகிறதோ. தசமபாகம் என்றால் தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு. நிலத்தில் விளைந்ததில் பத்தில் ஒன்று. ஆலய வேலை பார்த்த லேவியருக்கு அது போனதற்குக் காரணம் எண்ணாகமம் 18இல் இருக்கிறது: அவர்களுக்குக் காணி கிடையாது. உபாகமம் 14:28, 29இன்படி மூன்றாம் வருசத்துப் பங்கு லேவியனோடு பரதேசி, திக்கற்றவன், விதவை சாப்பிட. காணி உள்ளவன் காணி இல்லாதவனுக்குக் கொடுத்தது அது. 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவராகி, இந்தியாவிலிருந்து வந்து 200 வருசம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தும், லயத்து வரிசை வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக்கு 7 பேர்ச் காணியும் உறுதியும் கேட்டுக்கொண்டிருக்கிற சனம் நாம். அந்தத் தசமபாகச் சட்டப்படி நாம் வாங்குகிற பக்கம்!

கணக்குக்கு வாங்க. 2024 செப்டெம்பர் வர்த்தமானியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பிறகு கூடியிருந்தாலும் முறை ஒன்றுதான். மாதத்தில் 25 பேர் (ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை) விழுந்தால் 33,750. பத்தில் ஒன்று 3,375, அதாவது இரண்டரைப் பேர். ஈபிஎஃப் (சேமலாப நிதி) 8 வீதம் 2,700 கழிந்த பிறகு கைக்கு வருவதில் கொடுத்தால் 3,105, ஆனால் கேட்பதென்னவோ மொத்தத்தில்தான். மழைக்காலத்தில் 18 பேர்தான் விழும், கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், தொழிற்சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம் வேறு வெட்டுவார்கள். ஒரு லட்சத்துக்கு மாதம் 2 வீதம் அடகு வட்டி என்று வையுங்கள்: வருசத்துக்கு 24,000. வட்டிக்கு மட்டும் 18 நாள் மலை ஏற வேண்டும். முதல் அப்படியே நிற்கும், தவணை தப்பினால் சங்கிலி ஏலத்துக்குப் போகும்.

அம்மாவிடம் போனில் பேச வேண்டாம். லீவு போட்டுப் போங்கள். பாஸ்டரைத் திட்டினால் அம்மா அவர் பக்கம் போய்விடுவார், அது நிச்சயம். மல்கியா 3ஐ முதல் வசனத்திலிருந்து அம்மாவையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். எழுதிக் கொடுத்த அட்டைதான் அம்மாவின் பெரிய பயம், ‘பொருத்தனையை நிறைவேற்று’ என்று பிரசங்கி 5:4ஐக் காட்டியிருப்பார்கள். லேவியராகமம் 27:8ஐக் காட்டுங்கள். பொருத்தனை செய்தவன் ஏழை என்றால் அவன் சக்திக்குத் தக்கதாக ஆசாரியன் தொகையைக் குறைத்து மதிக்க வேண்டும். பாட்டியின் மருந்துக் காசிலும் கை வைக்கச் சொன்னால் மாற்கு 7:9–13ஐக் காட்டுங்கள்: தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லிவிடுவதை இயேசு அங்கே கண்டிக்கிறார். பிறகு அம்மாவும் நீங்களுமாகப் போய், ‘எங்கள் சக்தி இவ்வளவு’ என்று ஒரு தொகையைச் சொல்லிப் பற்றுச்சீட்டு கேளுங்கள். சபைக் கணக்கை யார் பார்க்கிறார்கள், இரண்டு பேர் கையெழுத்தா என்றும் கேளுங்கள். நேர்மையான ஆள் கோபப்படமாட்டார்.

அம்மா அங்கே போக ஒரு காரணம் இருக்கும், அதையும் விசாரியுங்கள். பழைய சபைகள் சிலதில் மாதத்துக்கு ஒருமுறைதான் ஐயர் (போதகர்) வருவார், ஆனால் சவம் கிடக்கும்போது நிலுவைச் சபைச் சந்தாவைக் கட்டினால்தான் மணி அடிப்பார்கள். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஏலம் போட்டு, கூடக் கேட்டவர் பெயரை லவுட்ஸ்பீக்கரில் சொல்வதும் அதே வியாபாரம்தானே? சரி, அது வேறு கதை.

ஏற்கெனவே அடகு வைத்துவிட்டார் என்றால், காசு இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே கொண்டுபோய் மீட்டுவிடுங்கள், வட்டி சொற்பம்தான் ஏறியிருக்கும். அடகுச் சீட்டை அம்மாவின் பைபிளுக்குள் வைக்க விடாதீர்கள். ஜெபக்கூட்டத்துக்கு எடுத்துப் போகும் வழியில் விழுந்தால், புதுச் சீட்டுக்கு நீங்கள்தான் லீவு போட்டு அலைய வேண்டும்.