இம்பாக்ட் ஃபீ ஏறிவிட்டது: எங்கள் மனைக்குப் பழைய கட்டணமா, புதியதா?

கேள்வி: டெக்சாஸில், டல்லஸுக்கு வடக்கே உள்ள ஒரு நகரத்தின் எல்லைக்குள் மனை வாங்கியிருக்கிறோம். அடுத்த ஆண்டுதான் வீடு கட்டப்போகிறோம். இதற்கிடையில் புதுக் கட்டுமானங்களுக்கான குடிநீர், கழிவுநீர் இம்பாக்ட் ஃபீயை (புதிய வீடுகளுக்காகப் போடும் குழாய், நிலையங்களின் செலவுக்கு நகரம் வாங்கும் கட்டணம்) நகர மன்றம் உயர்த்திவிட்டது. கூடுதல் தொகை எங்கள் தலையில்தான் என்கிறார் பில்டர். சரிதானா?

பதில்: பில்டர் பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். முதலில் உங்கள் மனைப்பிரிவின் வரைபடம் (அங்கே பிளாட் என்பார்கள்) கவுன்டி கிளார்க் (நம் ஊர்ப் பதிவாளர் போன்றவர்) அலுவலகத்தில் எந்தத் தேதியில் பதிவானது என்று பாருங்கள். நீங்கள் மனை வாங்கிய தேதியைவிட இதுதான் முக்கியம்.

டெக்சாஸில் இதற்கென்று 1987 முதலே சட்டம் இருக்கிறது. இன்று அது உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 395ஆம் அத்தியாயம். நகரம் கட்டணத்தைக் கொண்டுவந்த பிறகு பதிவான வரைபடம் என்றால், பதிவின்போது எது விதிக்கப்பட்டதோ அதுதான் அந்த மனைக்கு. பிற்பாடு ஏற்றியதை அதன்மேல் சுமத்த முடியாது. மனையைப் பிரித்து இரண்டு வீடு கட்டுவது போல நீர்த்தேவை கூடினால் மட்டும், கூடிய பங்குக்குப் புதிய கட்டணம். கட்டணமே இல்லாத காலத்தில் பதிவான பழைய மனைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இதே வடிவில் கிடைக்காது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. பல நகரங்கள் பதிவின்போது விதிப்பது உச்சவரம்பை. கையில் வாங்குவது அதைவிடக் குறைந்த தொகை. இப்போது ஏறியிருப்பது வசூல் தொகை மட்டும் என்றால், உங்கள் உச்சவரம்பு வரை புதிய தொகையைக் கேட்க நகரத்துக்கு உரிமை உண்டு. அப்போது பில்டர் சொல்வது சரியாகிவிடும். ஆகவே உங்கள் மனைக்கு விதிக்கப்பட்ட தொகை எவ்வளவு, இன்றைய வசூல் தொகை எவ்வளவு என்று இரண்டையும் நகரத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதில் பின்னால் உதவாது.

அடுத்தது தண்ணீர் மீட்டர். உண்மையில் பணம் மிச்சமாவது இங்கேதான். பெரும்பாலான நகரங்கள் மீட்டர் அளவை வைத்தே கட்டணத்தைக் கணக்கிடுகின்றன. 5/8 அங்குல மீட்டரை ஒரு பங்கு என்று கொண்டால், வழக்கமான கணக்கில் 3/4 அங்குலம் ஒன்றரைப் பங்கு, 1 அங்குலம் இரண்டரைப் பங்கு. பங்குக்கு 4,000 டாலர் என்று வைத்தால் 1 அங்குல மீட்டருக்கு 10,000 டாலர். புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சத் தனி மீட்டர் போட்டால் அதற்கும் குடிநீர்க் கட்டணம் விழும். கழிவுநீர்க் கட்டணம் பொதுவாக இருக்காது. பில்டர்கள் யோசிக்காமல் பெரிய மீட்டரை எழுதிவிடுவது உண்டு (அவர் பணமா போகிறது?). வீட்டுக்கு எந்த அளவு போதும் என்று பிளம்பரிடம் கணக்குக் கேளுங்கள்.

உயர்வே அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. புதிய வீடுகளுக்காகக் கட்டும் நீரேற்று நிலையம், பெரிய குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றின் செலவைப் புதியவர்கள் கொடுக்காவிட்டால், ஏற்கெனவே குடியிருப்பவர்களின் மாதாந்திரத் தண்ணீர் பில்தான் ஏறும். ஆனால் இந்தப் பணத்தைப் பழைய குழாய்களின் பழுதுபார்ப்புக்கோ அன்றாடப் பராமரிப்புக்கோ நகரம் தொடக்கூடாது. கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் செலவிடாத தொகையைத் திருப்பிக் கேட்கலாம். அது அப்போதைய உரிமையாளருக்கே போகும். இடையில் வீட்டை விற்றுவிட்டால் உங்களுக்கு இல்லை.

டாப் ஃபீ (நகரக் குழாயிலிருந்து உங்கள் மனைக்கு இணைப்புக் கொடுக்கும் கட்டணம்), மீட்டர் ஃபீ (மீட்டருக்கான கட்டணம்) இரண்டும் வேறு கணக்கு. அவை ஏறினால் புதிய தொகையைத்தான் கட்ட வேண்டும். பில்டர் இவற்றையும் சேர்த்து ஒரே வரியில் ‘இம்பாக்ட் ஃபீ’ என்று எழுதியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ‘நகரக் கட்டண உயர்வு வாங்குபவருடையது’ என்று இருந்தால், ‘நகரத்தின் ரசீதைக் காட்டினால் மட்டும்’ என்று கையெழுத்துக்கு முன் சேர்த்துவிடுங்கள்.